பழைய பாலத்தின் வயது: பஸ்ஸானோ என்னும் ஆற்றங்கரை ஊர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கில் வந்த சில கிளைச்செய்திகளை நீக்கியிருக்கிறேன். அவையை விளித்துச் சொன்னவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.)



ஒரு வயதுக் கணக்கோடு தொடங்குகிறேன். இத்தாலியின் வடகிழக்கில், வெனிஸிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் தூரத்தில், பிரெந்தா ஆற்றின் கரையில் பஸ்ஸானோ தெல் கிராப்பா என்றோர் ஊர் இருக்கிறது. நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். அங்கே ஆற்றின் குறுக்கே கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று. 1569-இல் கட்டிய பாலம் ஏறத்தாழ 180 ஆண்டு நின்றது. அடுத்து வந்தது அறுபது ஆண்டுக்குச் சற்று மேல். அதற்கடுத்தது 124 ஆண்டு. இப்போது நிற்பது 1948-இல் திறந்தது. ஆக நான்கு பாலங்கள். ஊர்க்காரர்களுக்கு நான்கும் ஒரே பாலம்தான். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'போந்தே வெக்கியோ', அதாவது பழைய பாலம்.

என் அப்பா பிறந்த காலத்து மரத்தைப் பழைய பாலம் என்கிறார்களே, இது ஊர்ப்பெருமைக்காகச் சொல்லும் பேச்சா என்று நானும் முதலில் நினைத்தேன். கட்டடக்கலை வரலாற்றைக் கற்பிப்பவன் நான். ஒரு கட்டடத்தின் வயதை அதன் கல்லிலும் சுண்ணாம்பிலும் தேடிப் பழகியவன். பஸ்ஸானோவைப் படிக்கப் படிக்க அந்தப் பழக்கம் எனக்குத் தளர்ந்தது. அழிந்ததை அதே முறையில் மீண்டும் செய்யும் கைப்பழக்கம் ஓர் ஊரில் எத்தனை தலைமுறையாகத் தொடர்கிறதோ, அதுவே அந்த ஊரின் தொன்மை என்று இன்று கருதுகிறேன். இந்த ஒரு கருத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அந்த ஊரின் ஆற்றிலிருந்தும் மரத்திலிருந்தும் ஓவியத்திலிருந்தும் அச்சுத்தொழிலிலிருந்தும் இதற்குச் சான்று காட்ட முயல்கிறேன்.

இத்தாலியச் சிற்றூர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு 1680-இல் வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே நினைவுக்கு வரும். அதுவும் வட இத்தாலியச் சமவெளியின் விளிம்பில், குன்றுகளை ஒட்டி இருக்கிற ஊர்தான். ஆனால் அதற்கு ஆறு இல்லை. நாம் ஆற்றுக்குப் போவோம்.

1. மலை வாய்

பிரெந்தா பெரிய ஆறு அன்று. திரெந்தோ நகருக்குக் கிழக்கே கால்தொனாத்சோ, லேவிகோ என்ற இரண்டு ஏரிகளிலிருந்து புறப்பட்டு, 174 கிலோமீட்டர் ஓடி, வெனிஸுக்குத் தெற்கே கியோஜா அருகில் கடலில் சேர்கிறது. முதல் பகுதி வல்சுகானா என்ற அகன்ற பள்ளத்தாக்கு. பிறகு திடீரென்று மலைகள் நெருங்கிவிடுகின்றன. கிழக்கே 1,775 மீட்டர் உயரமுள்ள கிராப்பா மலை. மேற்கே ஆசியாகோ மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவே ஆறு ஓர் இடுக்கு வழியாக ஓடுகிறது. அந்த இடுக்கு முடிகிற வாசலில் பஸ்ஸானோ நிற்கிறது.

ஓர் ஊர் ஏன் அங்கே அமைந்தது என்பதை இந்த இருப்பே சொல்லிவிடுகிறது. ஊருக்கு மேலே இரு கரையிலும் பாறைச் சரிவு, ஊர் விரிய இடம் இல்லை. ஊருக்குக் கீழே போனால் ஆறு தன் கூழாங்கற்களை விசிறிபோல் பரப்பிவிட்டுப் பல கிளையாகப் பிரிந்து அலைகிறது, பாலம் போட நிலையான கரை இல்லை. இரண்டுக்கும் நடுவே, ஆறு ஒரே உடலாகவும் கரை உறுதியாகவும் இருக்கிற கடைசி இடம் இது. மலைக்காரனும் சமவெளிக்காரனும் இங்கேதான் சந்தித்தாக வேண்டும். கம்பளியும் மரமும் இறங்கி வரும், தானியமும் மதுவும் ஏறிப் போகும்.

ஆனால் அதே வாசல்தான் ஊருக்கு ஆபத்தும். மலையில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் இடுக்கில் தேங்கி உயர்ந்த தண்ணீர் முழுவதும் முதலில் மோதுவது பஸ்ஸானோவின் பாலத்தில். வேரோடு சாய்ந்த மரங்களையும் கற்களையும் உருட்டிக்கொண்டு வருகிற அந்த வெள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மக்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்: 'பிரெந்தானா'. ஆற்றின் பெயரே வெள்ளத்தின் பெயராகிவிட்டது.

வெள்ளம் கொண்டுவந்து போட்டதையும் ஊர் வீணாக்கவில்லை. சற்றுக் கீழே உள்ள நோவே ஊரில் 18-ஆம் நூற்றாண்டில் ஆந்தோனிபோன் குடும்பம் பீங்கான் தொழிலைத் தொடங்கியபோது, ஆற்றுக் கூழாங்கல்லை நீராலையில் உலக்கைகளால் இடித்துப் பொடியாக்கித்தான் மூலப்பொருளுக்குச் சேர்த்தார்கள். அப்படிக் கல்லிடித்த ஆலை ஒன்று அங்கே இன்றும் இருக்கிறது. ஆற்று வண்டல் படிந்த பொலபொலப்பான மண்ணில் வெயில் படாமல் மண்ணுக்குள்ளேயே வளர்கிற வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுதான் பஸ்ஸானோவின் இளவேனில் காய். கத்தை கத்தையாக விற்கிறார்கள். கத்தையைக் கட்டுவது கயிற்றால் அன்று, ஆற்றோரத்து வில்லோ மரத்தின் இளங்கிளையை முறுக்கித்தான். பச்சைக் கிளை காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். 2007 முதல் அந்தக் காய்க்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு.

2. மரம் இறங்கிய வழி

இந்த ஊரின் கதையில் நடுநாயகம் மரம். காரணம் வெனிஸ். கடற்கழியின் சேற்றில் மரமுளைகளை அடித்து, அவற்றின் மேல் நின்ற நகரம் அது. அதன் கப்பல் தளத்துக்கும் வீட்டுக்கும் விறகுக்கும் தீராத மரத்தேவை. 1404-இல் பஸ்ஸானோ வெனிஸ் குடியரசின் கீழ் வந்தது. அதற்கு முன்பு எட்செலீனி குலத்தார், பதுவா, வெரோனா, மிலான் என்று பலர் கையில் மாறி மாறி இருந்த ஊர் இது. அந்த ஆட்சி மாற்றங்களை இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: எட்செலீனோ என்ற கொடுங்கோலனைத் தாந்தே தம் நரகத்தில் குருதி ஆற்றில் நிறுத்தினார். அவன் குலத்தின் வரலாற்றை எழுதியவரின் குறிப்பில்தான் 1209-இல் இந்தப் பாலம் நமக்கு முதன்முதலில் தென்படுகிறது.

மரம் எப்படி இறங்கியது என்பதைப் பார்க்க ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ஆசியாகோ மேட்டுநிலத்தில் சாஸ்ஸோ என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து கீழே ஆற்றோரத்து வல்ஸ்தாஞாவுக்கு 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கற்படிக்கட்டு வெட்டினார்கள். 4,444 படி. ஏறத்தாழ 740 மீட்டர் இறக்கம். படிகளை ஒட்டி, பக்கவாட்டில், கல் பாவிய பள்ளம் ஒன்று கூடவே இறங்குகிறது. மேலே வெட்டிய அடிமரத்தை அந்தப் பள்ளத்தில் விட்டு, மனிதர் படியில் இறங்கிக்கொண்டே அதைக் கயிற்றாலும் கொக்கியாலும் அடக்கி நடத்தினார்கள். ஒரு பக்கம் மனிதனின் பாதை, ஒரு பக்கம் மரத்தின் பாதை, இரண்டும் கைகோத்து மலை இறங்குகின்றன. நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முழங்கால் நடுங்கும் இறக்கம் அது. அந்த இறக்கத்தில் ஆள் உயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு நீளமுள்ள மரத்தோடு இறங்கியவர்களை எண்ணிப் பாருங்கள்.

வல்ஸ்தாஞாவில் மரங்களைத் தெப்பமாகக் கட்டினார்கள். தெப்பக்காரர்கள் நீண்ட துடுப்பால் தள்ளி இடுக்கைக் கடந்து, பஸ்ஸானோ பாலத்தின் அடியில் நுழைந்து, சமவெளிக்கு ஓட்டினார்கள். பாலத்தின் தூண்வரிசைகளுக்கு நடுவே தெப்பம் தட்டாமல் போவது கைத்திறன் கேட்கிற காரியம். இன்றும் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் வல்ஸ்தாஞாவில் தெப்பப் போட்டி நடக்கிறது.

வெனிஸுக்கு இந்த ஆற்றின்மேல் இரண்டு மனம் இருந்தது. மரம் வேண்டும், மண் வேண்டாம். பிரெந்தா கொண்டுவந்த வண்டல் கடற்கழியைத் தூர்த்துவிடும் என்று அஞ்சி, நூற்றாண்டுக்கணக்கில் ஆற்றின் வாயைத் தெற்கே தெற்கே தள்ளிக்கொண்டே போனார்கள். 1610-இல் முடிந்த நீண்ட வாய்க்கால் அந்த முயற்சியின் பெரிய படி. கீழே ஆற்றைத் திருப்பிய அதே அரசு, மேலே மலையில் காட்டைக் காவல் காத்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பஸ்ஸானோ, மரத்தை அறிந்த தச்சர்களின் ஊராக வளர்ந்தது. அடுத்து நான் சொல்லப்போவதற்கு இதுவே அடிப்படை.

3. கல் வேண்டாம் என்ற ஊர்

1567 அக்டோபரில் பெரிய பிரெந்தானா வந்தது. அதுவரை இருந்த பாலம் போய்விட்டது. ஊர்ச்சபை கட்டடக் கலைஞர் அந்திரேயா பல்லாதியோவை அழைத்தது. ஐரோப்பியக் கட்டடக்கலையில் அவருக்கு இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும். அப்போது அவர் புகழின் உச்சியில் இருந்தார். அந்தப் பக்கத்துக்கு அவர் புதியவரும் அல்லர். பாலத்தின் மேற்குக்கரையில் உள்ள ஆங்கரானோவின் பிரபு ஜாக்கோமோ ஆங்கரானோ அவருக்கு நெருங்கிய நண்பர். தம் பெருநூலின் முதலிரண்டு பாகங்களைப் பல்லாதியோ காணிக்கையாக்கியது இந்த நண்பருக்குத்தான்.

பல்லாதியோ முதலில் தந்தது கல் பாலத்தின் வரைபடம். மூன்று வளைவுகள், பண்டைய ரோமானியர் பாணி. மலையும் ஆறும் சேரும் அந்த இடத்தில் ஒரு ரோமானியப் பாலம் எவ்வளவு கம்பீரமாக நின்றிருக்கும்! ஊர்ச்சபை அதை ஏற்கவில்லை. பழைய பாலத்தின் வடிவத்தை விட்டு அதிகம் விலகாமல் மரத்தில் கட்டித்தரச் சொன்னது.

பல நூல்கள் இந்த முடிவை ஊர்க்காரர்களின் சிக்கனம் என்று ஒரு வரியில் கடந்துபோகின்றன. சிக்கனமும் இருந்திருக்கும், கல் பாலம் செலவு மிகுந்தது. ஆனால் நான் இந்த முடிவை அறிவுள்ள முடிவாகவே படிக்கிறேன். வெள்ளம் மரங்களை உருட்டி வரும் ஆற்றில் கனத்த கல்தூண்கள் நீரின் வழியைக் குறுக்கும். குறுக்கினால் நீர் உயரும், வேகம் கூடும், தூணின் அடியை அரிக்கும். மரத்தூண்வரிசை ஒல்லியானது, நீர் பக்கவாட்டில் ஒதுங்கிப் போகும். மோதல் வந்தால் மரம் சற்று வளைந்து கொடுக்கும். அதையும் மீறிப் போய்விட்டால், திரும்பக் கட்டுவதற்கான மரம் அதே ஆற்றில் மிதந்து வரும். கட்டத் தெரிந்த கைகள் ஊரிலேயே இருக்கின்றன. கல் பாலம் இடிந்தால் மறுபடி ஒரு பல்லாதியோ வர வேண்டும். மரப்பாலம் இடிந்தால் ஊர்த்தச்சன் போதும்.

சபை விரும்பியதைப் பல்லாதியோ மனமொன்றிச் செய்தார். 1570-இல் வெளியான அந்தப் பெருநூலில், அதாவது கட்டடக்கலை பற்றிய நான்கு நூல்களில், மூன்றாம் நூலில், இந்தப் பாலத்தை அளவோடு விவரித்திருக்கிறார். ஆற்றின் அகலம் 180 அடி, அவர் காலத்து விச்சென்சா அடியில். அதை ஐந்து சம பங்காக்கினார். ஆற்றுக்குள் நான்கு தூண்வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் எட்டு மரங்கள். ஒவ்வொன்றும் 30 அடி நீளம், ஒன்றரை அடிக் கனம், ஒன்றுக்கொன்று இரண்டடி இடைவெளி. வரிசைகளுக்கு மேல் உத்தரங்கள், உத்தரங்களைத் தாங்கச் சாய்வாக முட்டுக்கொடுத்த மரங்கள். அந்த முட்டுகள்தான் கண்ணுக்கு வளைவுபோல் தெரிகின்றன. பாதையின் அகலம் 26 அடி. பாதையின் இரு ஓரமும் தூண்கள், அவற்றின் மேல் முழு நீளத்துக்கும் கூரை.

அந்தக் கூரையை அழகுக்காகப் போட்டதாக நினைத்துவிடாதீர்கள். மரத்துக்கு ஆற்றைவிடப் பெரிய எதிரி மழை. நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மரம் நீண்ட காலம் தாங்கும். நனைந்து காய்ந்து, காய்ந்து நனையும் மரம்தான் உளுத்துப்போகும். உத்தரங்களின் மூட்டுகளுக்குள் மழைநீர் இறங்காமல் கூரை காக்கிறது. நடப்பவர்களுக்கு நிழல் கிடைப்பது அதன் மேல் வரும் லாபம். தாழ்வாரம்போல் இருக்கும் அந்தப் பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால், தூண்களுக்கு நடுவே, ஆறு வெளிப்படும் மலை இடுக்கு தெரிகிறது. விடியலில் அந்த இடுக்கு வழியாக இறங்கி வரும் குளிர்காற்று முகத்தில் அறைகிறது.

4. ஆறு ஒருமுறை, மனிதர் இருமுறை

பல்லாதியோவின் பாலத்தை 1748 ஆகஸ்ட் 19 அன்று வந்த வெள்ளம் கொண்டுபோனது. கட்டிய பாணி சரியா தவறா என்பதற்கு அந்த 180 ஆண்டே விடை.

மீண்டும் கட்டியவர் பர்த்தொலோமேயோ ஃபெர்ராச்சினா. 1692-இல் பிறந்தவர். ஊர் சொலாஞா, பஸ்ஸானோவுக்குச் சற்று மேலே ஆற்றோரத்திலேயே. எந்தக் கலைக்கழகத்திலும் படிக்காதவர். மரமறுக்கும் தொழிலில் தொடங்கி, தானாகவே இயந்திர நுட்பங்களைக் கற்றுக்கொண்டவர். நீரேற்றும் பொறிகள் செய்தார். வெனிஸ் புனித மாற்கு சதுக்கத்தின் கடிகாரக் கோபுரத்துக்குப் புதிய இயந்திரம் செய்து கொடுத்தவரும் இவரே. என் வாதத்துக்கு இவரே வலுவான சான்று. பல்லாதியோவின் நூல் அவருக்கு முன்னால் இருந்தது. பாலத்துக்குத் தேவையான மரத்தறிவு அவர் கையில் இருந்தது. ஏட்டறிவும் கையறிவும் ஓர் ஊரில் கூடியதால்தான் அந்தப் பாலம் திரும்ப எழுந்தது.

1796 செப்டம்பர் 8 அன்று நெப்போலியன் வல்சுகானா வழியாக இறங்கி வந்து பஸ்ஸானோவில் ஆஸ்திரியப் படையைத் தோற்கடித்தார். அப்போது பாலம் தப்பியது. 1813-இல் தப்பவில்லை. நெப்போலியனின் வளர்ப்பு மகன், இத்தாலியின் அரசப் பிரதிநிதி யூஜின் தெ போஅர்னே, பின்வாங்கியபோது பாலம் எரிந்தது. 1821-இல் ஆஞ்சலோ கசரோத்தி பல்லாதியோவின் அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்.

முதல் உலகப் போர் ஊரின் பெயரையே மாற்றியது. 1917 நவம்பரில் போர்முனை கிராப்பா மலையில் வந்து நின்றது. அங்கே போகும் படைகள் இந்தப் பாலத்தின் வழியாகப் போயின. ஆல்பினி என்ற மலைப்படை வீரர்களின் பாடல்களில் பாலம் இடம்பிடித்தது. மலை உச்சியில் 1935-இல் திறந்த நினைவிடத்தில் இரு தரப்பையும் சேர்ந்த 22,000-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இருக்கின்றன. அதுவரை பஸ்ஸானோ வேனெத்தோ எனப்பட்ட ஊர், 1928-இல் பஸ்ஸானோ தெல் கிராப்பா ஆனது. இதே பெயருள்ள மதுவோடு மக்கள் இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. பாலத்தின் கிழக்கு முனையில் 1779 முதல் அந்த மதுவை நார்தினி குடும்பம் விற்று வருகிறது. ஆனால் மதுவின் பெயர் திராட்சைக் காம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, மலையிலிருந்து வரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் நடந்ததைச் சொல்ல நாக்கு தயங்குகிறது. 1944 செப்டம்பரில் ஜெர்மன் படையும் அதன் இத்தாலியத் துணைப்படையும் கிராப்பா மலையில் இருந்த விடுதலைப் போராளிகளைச் சுற்றி வளைத்தன. செப்டம்பர் 26 அன்று 31 பேரை ஊரின் மதிலோரச் சாலையில் நிழலுக்காக வளர்த்த மரங்களில் தூக்கிலிட்டார்கள். மரத்தால் வாழ்ந்த ஊரில், மரங்களில். அந்தச் சாலைக்கு இன்று தியாகிகள் சாலை என்று பெயர். மரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் ஒருவர் என்று நினைவு வைத்திருக்கிறார்கள். மலையையும் பள்ளத்தாக்கையும் பார்த்தபடி நடக்கும் அழகான சாலை அது. அங்கே நடக்கும்போது என்னால் மலையைப் பார்க்க முடியவில்லை.

1945 பிப்ரவரி 17 அன்று, ஜெர்மன் படைகளின் நடமாட்டத்தைத் தடுக்கப் போராளிகளே பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தம் ஊரின் அடையாளத்தைத் தம் கையால் உடைத்தவர்களின் மனநிலையை நாம் எளிதாக எடைபோட முடியாது. போர் முடியும் தறுவாயில், ஏப்ரல் இறுதியில், பின்வாங்கிய ஜெர்மானியர் மிச்சத்தையும் சிதைத்தார்கள்.

மூன்றே ஆண்டில் பாலம் திரும்ப நின்றது. மலைப்படையின் முன்னாள் வீரர்கள் முன்னின்று உழைத்தார்கள். 1948 அக்டோபர் 3 அன்று பிரதமர் தெ காஸ்பெரி திறந்துவைத்தார். அன்றுமுதல் அதற்கு ஆல்பினி பாலம் என்றும் பெயர். வீடிழந்தவர்களும் வேலையிழந்தவர்களும் நிறைந்த நாட்டில், இரும்பும் சிமெண்டும் கொண்டு விரைவாக ஒரு பாலம் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் மரத்தையே தேர்ந்தார்கள், பல்லாதியோவின் அமைப்பிலேயே.

கணக்கைத் திரும்பப் பாருங்கள். 1569-க்குப் பிறகு இந்தப் பாலத்தை ஆறு எடுத்துக்கொண்டது ஒருமுறை. மனிதர் அழித்தது இருமுறை. 1966 நவம்பர் 4 அன்று வெனிஸையும் ஃபுளோரன்ஸையும் மூழ்கடித்த பெருவெள்ளம் இங்கும் வந்தது. பாலம் பெருஞ்சேதம் அடைந்தாலும் நின்றது.

5. மீண்டும் செய்யும் கைகள்

பாலத்தோடு நிறுத்திவிட்டால் என் கருத்து ஒரு கட்டடத்தின் கதையாகச் சுருங்கிவிடும். இந்த ஊரின் ஓவியத்திலும் அச்சுத்தொழிலிலும் இதே மனப்போக்கைக் காண்கிறேன்.

16-ஆம் நூற்றாண்டின் பெரும் ஓவியர்களில் ஒருவர் யாக்கோப்போ பஸ்ஸானோ. உலகம் அவரை ஊரின் பெயரால் அழைக்கிறது. அவருடைய குடும்பப் பெயர் 'தல் போந்தே', பாலத்தண்டைக்காரர். தந்தையும் ஓவியர். குடும்பம் ஆசியாகோ மேட்டுநிலத்திலிருந்து இறங்கி வந்து பாலத்தருகே குடியேறியது. மரம் வந்த அதே வழி! தித்சியானோவும் தின்தொரெத்தோவும் வெனிஸில் கொடிகட்டிப் பறந்த காலம். யாக்கோப்போ இளமையில் அங்கே பயின்றார், பிறகு ஊருக்கே திரும்பி 1592-இல் இறக்கும்வரை அங்கேயே வரைந்தார். வேதாகமக் காட்சிகளில் அவர் நிறுத்தியவர்கள் அந்த ஊர் இடையர்கள், ஆடுகள், நாய், செம்புப் பாத்திரம், அழுக்குப் பாதம். பின்னணியில் பல படங்களில் கிராப்பா மலையின் கோடு. அவருடைய நான்கு மகன்களும் ஓவியர்கள். தந்தை அமைத்த காட்சிகளை மகன்கள் திரும்பத் திரும்ப வரைந்து விற்றார்கள். பயணம், அறுவடை, மேய்ப்பர் வருகை என்று ஒரே அமைப்பு பல கைகளில் பல பதிப்பாக இன்றைக்கு உலக அருங்காட்சியகங்களில் கிடக்கிறது. எது தந்தையின் கை, எது மகனின் கை என்று பிரிப்பதில் அறிஞர்கள் வாழ்நாளைச் செலவிடுகிறார்கள். அந்தப் பட்டறையின் கணக்குப் புத்தகம் ஒன்று தப்பியிருக்கிறது. பெரிய பீட ஓவியங்களோடு சின்னச் சின்ன வண்ணவேலைகளும் அதில் வரவு வைக்கப்பட்டுள்ளன. பட்டறைக்கு ஓவியம் ஒரு தொழில். நல்ல வேலையைத் திரும்பச் செய்வதில் அவர்களுக்குக் கூச்சம் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் பதுவாவிலிருந்து ஜொவான்னி அந்தோனியோ ரெமொந்தினி என்பவர் வந்து அச்சகம் தொடங்கினார். அவர் 1711-இல் இறந்தார், குடும்பம் தொழிலை 1861 வரை நடத்தியது. 18-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவின் மிகப் பெரிய அச்சகங்களுள் ஒன்று. மலிவுப் புத்தகங்கள், புனிதர் படங்கள், விளையாட்டுத் தாள்கள், பொம்மைப்படைத் தாள்கள், நூலட்டைக்கான பூவேலைக் காகிதங்கள். இவற்றை விற்றவர்கள் வல்சுகானாவுக்கு மேலே தெசீனோ மலைப்பகுதி விவசாயிகள். குளிர்காலத்தில் மலையில் வேலை இல்லை. படப்பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு ஐரோப்பா முழுவதும் நடந்தார்கள், ரஷ்யா வரை போனார்கள். அந்த வழியில் போன தாஸியாரோ என்ற குடும்பம் பிற்காலத்தில் மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்கிலும் பாரிஸிலும் படக்கடை வைத்திருந்தது. ஒரு புனிதரின் படத்தை வாங்கிச் சுவரில் ஒட்டிய ரஷ்யக் குடியானவனுக்கு, அது பிரெந்தாக் கரையில் அச்சானது என்று தெரிந்திருக்காது.

ரெமொந்தினிகள் பிறர் படங்களையும் தாராளமாக எடுத்து அச்சிட்டார்கள். வேறு நகரங்களின் அச்சகத்தார் இதைத் திருட்டு என்று குற்றம் சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. நான் அவர்களுக்காக வாதாடவில்லை. ஆனால் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஸ்துர்ம் மாளிகையில் இன்று அவர்களுக்கென்று இருக்கும் அருங்காட்சியகத்தில், மலிவுத் தாள்களோடு ஓவியர் ட்யூரரின் மூல அச்சுப்படங்களும் இருக்கின்றன. குடும்பம் சேர்த்துவைத்த 200-க்கும் மேற்பட்ட படங்கள். நகலெடுத்தே வாழ்ந்த குடும்பம் மூலத்தின் அருமையையும் நன்றாக அறிந்திருந்தது.

6. வெனிஸ் சொன்னதும் பஸ்ஸானோ செய்ததும்

கட்டடப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் என்னை மறுக்க வேண்டும். 1964-இல் வெனிஸில் கூடிய வல்லுநர்கள் ஒரு சாசனம் எழுதினார்கள். இன்றளவும் பாதுகாப்புத் துறைக்கு அது அடித்தளம். புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைந்து இருக்க வேண்டும், ஆனால் புதியது என்று பிரித்து அறியவும் முடிய வேண்டும். அகழ்ந்தெடுத்த இடிபாடுகளில் சிதறிய மூலத் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தலாமே தவிர, மறுகட்டுமானம் கூடாது. இந்த அளவுகோலால் அளந்தால் பஸ்ஸானோ பாலத்தின் நிலை சங்கடமாகிவிடும். மூலத் துண்டு என்று காட்ட அதில் பல்லாதியோ தொட்ட ஒரு மரமும் இல்லை.

அந்தச் சாசனத்தை நான் மதிக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் பழைய கோயில்களையும் கோட்டைகளையும் கற்பனைக்கேற்ப 'முழுமையாக்கிய'வர்கள் செய்த கேட்டைக் கண்ட தலைமுறை எழுதியது அது. கல்லுக்கு அது சரியான அறம். மரத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியவில்லை. மரக்கட்டட மரபு வலுவாக உள்ள ஜப்பானில், நாரா நகரில், 1994-இல் எழுந்த ஆவணம் இந்தக் குறையை ஏற்றுக்கொண்டது. மூலத்தன்மையைப் பொருளோடு சேர்த்து வடிவம், பயன், இடம், கைநுட்ப மரபு ஆகியவற்றிலும் காணலாம் என்றது. இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும் நாட்டில் அந்தத் தெளிவு பிறந்ததில் வியப்பில்லை. வெனிஸிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் தூரத்தில் ஓர் ஊர்ச்சபை அதே முடிவுக்கு 1568-இலேயே வந்துவிட்டது என்பது என் துணிபு. பழைய வடிவம் போதும், மரமே போதும் என்று ஒரு மேதையிடம் சொன்ன சபை அது.

இங்கே ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். இசேயில் ஒரு தலைமுறைக்குள் மறுகட்டுமானம் வந்துவிடுகிறது. இளந்தச்சன் முதியவரின் அருகில் நின்று கற்கிறான். பஸ்ஸானோவில் ஓர் அழிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒருமுறை அறுபது ஆண்டுக்கு மேலும், மற்ற முறைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலும் போயிருக்கிறது. 1945-இல் 1821-இன் தச்சர் யாரும் உயிரோடு இல்லை. அப்படியென்றால் கைமரபு தொடர்ந்தது என்று எப்படிச் சொல்வது? என் விடை இது: பாலம் சும்மா நின்றுகொண்டிருந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. ஒரு முட்டு உளுக்கும், ஒரு தூண் சாயும், ஓர் உத்தரத்தை மாற்ற வேண்டியிருக்கும். சிறு பழுதுகள்தான் பள்ளிக்கூடம். அதோடு ஊரைச் சுற்றி மரம் மரமாகவே இருந்தது: கூரை, தெப்பம், நீராலைச் சக்கரம். பல்லாதியோவின் நூல் அளவைச் சொன்னது, மற்றதைக் கைகள் அறிந்திருந்தன.

அந்தக் கைகள் இன்று குறைந்துவிட்டன என்பதும் உண்மை. 1966 வெள்ளத்துக்குப் பின் பழுதுபார்த்த பாலம் இந்த நூற்றாண்டில் மறுபடி தாழத் தொடங்கியது. தூண்வரிசைகளின் நீருக்குள் இருந்த பகுதிகள் வலுவிழந்திருந்தன. நடந்து போகிறவர்களுக்கே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பாதை வளைந்தது. சீரமைப்பு பல ஆண்டு இழுத்தது, ஊர் பொறுமை இழந்தது. நடுவில், 2019-இல், நாடாளுமன்றம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2021 அக்டோபர் தொடக்கத்தில், 1948-இல் திறந்த அதே நாளை ஒட்டி, பணி முடிந்த பாலத்தை ஊர் கொண்டாடியது.

பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 2018 அக்டோபர் 29 இரவு, வாயா என்ற புயல் வடகிழக்கு இத்தாலியின் மலைகளில் வீசியது. ஒரே இரவில் விழுந்த மரம் 80 லட்சம் கன மீட்டருக்கும் மேல். ஆசியாகோ மேட்டுநிலக் காடுகளும் பெருமளவில் சாய்ந்தன. அங்கே விழுந்த மரங்களில் பல, முதல் உலகப் போரின் குண்டுகளில் கருகிப்போன காட்டை 1920-களில் திரும்ப நட்டபோது வேர்பிடித்த ஸ்ப்ரூஸ் மரங்கள். நூறு வயதை நெருங்கி, உத்தரமாக அறுக்கும் பருவத்துக்கு வந்திருந்தன. விழுந்த சரிவுகளில் இப்போது மறுபடி கன்று நடுகிறார்கள். ஸ்ப்ரூஸ் மட்டும் போதாது என்று, இம்முறை பீச்சையும் லார்ச்சையும் சேர்த்து.